எமனைக் காணோம்

அத்தியாயம் 5

எமனைக் காணோம் என்று ஒருவர் போன் செய்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? நல்லதாப் போச்சு என்று போனை வைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போடுவோம். அண்ணி அப்படிச் செய்யவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "எப்பலேர்ந்து காணோம்?" என்று கேட்டாள்.

அண்ணி என்று நாம் சொல்வது அந்தத் துப்பறியும் நிலையத்தின் தலைவியை. அவளை முறைப்படி அண்ணி என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் கணவனின் தங்கை, நிலையத்தின் ஒரே உதவியாளர், பிறவி வாயாடி. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பேப்பர் போடுகிறவர் முதல் போலீஸ் இன்ஸ்பெக்டர் வரை எல்லோருக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். அதே சூட்டோடு அவளும் எல்லோருக்கும் நாத்தனார் ஆகிவிட்டாள். இதில் அண்ணிக்கு மரியாதை கூடியது, நாத்தனாருக்கு வரன் குறைந்தது. நாத்தனார் என்று பெயர் வாங்கிய ஒருத்தியை எவன் தைரியமாகக் கட்டிக்கொள்வான்?

"யாரு அண்ணி போன்ல?"

"ஒரு நாடக இயக்குநர். அவரோட எமனைக் காணோமாம்."

"மாடி வீட்டு மாமாகிட்ட சொல்லிட்டு வரட்டுமா? பாவம், ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து பயந்துக்கிட்டே படுத்திருக்காரு."

"வாயை மூடிட்டு செருப்பைப் போடு."

இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது என்பதால் நாத்தனார் செருப்பை மட்டும் போட்டாள்.

நாடகம் நடந்த இடம் ஒரு பழைய சலவை ஆலை. இயந்திரங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளை ஓடு பதித்த சுவர்களும், தரையில் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால்களும், பழைய சோப்பு நாற்றமும் மட்டும் மிச்சம். வாசலில் இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட், மதிய வெயிலில் கறுப்புக் கண்ணாடி. உள்ளே போகும் முன்பே இருவர் தோளிலும் ஆளுக்கொரு சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தி, உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொத்தானும் ஒரு கறுப்புப் பொத்தானும் வைத்தார்.

"இது எதுக்கு சார்? சட்டையில பொத்தான் எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"இது மேடை நாடகம் இல்லைம்மா. மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. பார்க்க வர்றவங்க எல்லாரும் சால்வை போர்த்திக்கிட்டு ஊர்ச்சனம் ஆயிடுவாங்க. நாலு அறை. நாலு காலம். நாலு பொண்ணுங்க. சரித்திரத்துல மரண தண்டனை வாங்கினவங்க. ராணிக்குக் கோடாலி, சூனியக்காரிக்கு நெருப்பு, உளவுக்காரிக்குத் துப்பாக்கி, விஷக்காரிக்குக் கயிறு. ஜனங்க அறை அறையாப் போய் அவங்க கதையைக் கேட்பாங்க. அப்புறம் மணி அடிப்போம். எல்லாரும் நடுக்கூடத்துக்கு வரணும். எமன் வந்து நின்னதும், அந்தந்தப் பொண்ணுக்கு முன்னால இருக்கிற பெட்டியில பொத்தான் போடணும். வெள்ளைன்னா மன்னிப்பு, கறுப்புன்னா சாவு. அதுக்கப்புறம் எமன் கதையை முடிப்பாரு."

"வெள்ளை நிறைய விழுந்தா விட்டுடுவீங்களா?"

"இதுவரைக்கும் விழுந்ததில்லை," என்றார் இயக்குநர் பெருமையாக.

அண்ணி குறுக்கே வந்தாள். "எமனா நடிக்கிறவர் ஆள் எப்படி இருப்பாரு? அதைச் சொல்லுங்க."

"தெரியாது."

"முகம்?"

"தெரியாதுங்க. அது எங்க குழுவோட முறை. எமன்கிட்ட யாரும் பேசக் கூடாது. அவருக்குத் தனி வாசல், தனி அறை. முகமூடியோட வருவாரு, முகமூடியோட போவாரு. அவர் யாருன்னு தெரிஞ்சிட்டா இந்தப் பொண்ணுங்களுக்குப் பயம் போயிடும். பயம் போயிட்டா நடிப்பும் போயிடும்."

"நீங்க பார்த்துத்தானே வேலைக்கு எடுத்திருப்பீங்க?"

"முகமூடி மாட்டி விட்டுத்தான் தேர்வே வெச்சேன். மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வந்தவங்க எல்லாம் கண்ணு தெரியாம சுவத்துல போய் முட்டிக்கிட்டாங்க. ஒருத்தர் மட்டும் நேரா நடந்து போய்க் கோடாலியைத் தூக்கினாரு. எடுத்துக்கிட்டேன்."

"உயரம்?"

இயக்குநர் யோசித்தார். "பயத்துல உயரமாத் தெரிவாரு."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, முகம் தெரியாது, குரல் தெரியாது, உயரம் பயத்தைப் பொறுத்தது. பேசாம வேற ஒரு எமனைப் பிடிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

நடுக்கூடத்தில் அவர்கள் கண்ட காட்சி இருக்கிறதே, அதை நாத்தனார் பிறகு பல நாள் பல பேரிடம் சொல்லியும் யாரும் நம்பவில்லை. நடுவில் ஒரு மரக்கட்டை. அதன் மேல் ராணி கழுத்தை நீட்டிக் கவிழ்ந்து கிடந்தாள். பக்கத்தில் காகித நெருப்புக்கு நடுவே கம்பத்தில் கட்டிப்போட்ட சூனியக்காரி. கீழே ஒரு மேசை விசிறி சுழன்று தீயை ஆட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் கண்ணைக் கட்டிக்கொண்டு உளவுக்காரி. கடைசியில் தூக்குமேடையில், தொங்கும் கயிற்றுக்குக் கீழே விஷக்காரி. நால்வரும் சாகத் தயாராக இருந்தார்கள். சாகடிக்கத்தான் ஆளில்லை. சுற்றிலும் சால்வை போர்த்திய ஜனம் மூச்சு விடாமல் நின்றது.

"எவ்வளவு நேரமா இப்படியே இருக்கீங்க?" என்று அண்ணி குனிந்து ராணியைக் கேட்டாள்.

"யாம் கழுத்தை வைத்து யுகங்கள் ஆயின," என்றாள் ராணி கட்டைக்குள்ளிருந்து.

"தூக்குங்களேன் தலையை!"

இயக்குநர் பதறிப்போனார். "கூடாது! செத்த பிறகுதான் சொந்தப் பேச்சு, சொந்த நடை. அதுதான் இங்க சட்டம். ஒரு தடவை உடைஞ்சா எல்லாம் உடைஞ்சிடும்."

அண்ணி நகர்ந்தாள். கூட்டமும் நகர்ந்தது. அண்ணி நின்றாள். கூட்டமும் நின்றது. இவர்களும் நாடகத்தில் ஒரு பகுதி என்று ஜனம் முடிவு கட்டிவிட்டிருந்தது. நாத்தனார் ஒரு தும்மல் போட்டாள். பின்னால் ஒரு பெண் விசும்பி அழுதாள். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்ததும் ஒரு வழுக்கைத்தலைக்காரர் காதருகே வந்து, "இந்தக் கர்ச்சீப் அடக்குமுறையைத்தானே குறிக்குது?" என்று கேட்டார்.

"ஜலதோஷத்தைக் குறிக்குது. பேசக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

அவர் பரவசமாகப் பின்வாங்கினார். அவரை அடுத்து, தடித்த கண்ணாடி போட்ட ஒரு குள்ளமான அம்மா நாத்தனாரின் சால்வையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, ஒரு விஷயம் சொல்லணும்..."

"பாத்ரூம் இடது பக்கம்மா. ஷ்ஷ்!"

அண்ணி இயக்குநரை அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் பின்னாலிருந்த எமனின் அறைக்குப் போனாள். முன்பு சோப்பு மூட்டை அடுக்கிய சின்ன அறை. தாழ்ப்பாள் உட்பக்கம், அது திறந்தே கிடந்தது. உடைப்போ கீறலோ இல்லை. சுவரில் ஓர் ஆணி, அதில் கறுப்பு அங்கி, ஆணிக்கு நேர் கீழே ஒரு முக்காலி. பெஞ்சின் மேல், தலையிலிருந்து தோள் வரை மூடும் முகமூடி. கீழே இரண்டு பெரிய பூட்ஸ், நுனி சேர்த்து வைத்திருந்தது. மூலையில் ஒரு பிளாஸ்க். அதன் மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கோடாலி கதவோரம் சாய்ந்திருந்தது. நாத்தனார் வீரத்தோடு இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பின்னால் விழப்போனாள். வெள்ளி வர்ணம் அடித்த வெறும் தக்கை.

"சார், இது என் கைப்பையைவிட லேசா இருக்கு!"

அண்ணி பூட்ஸுக்குள் கையை விட்டாள். உருட்டி அடைத்த துணி வந்தது. இன்னும் விட்டாள், இன்னும் துணி. பாதி பூட்ஸ் துணிதான். பிறகு முகமூடியை எடுத்தாள். நாலாக மடித்து, மடிப்பை விரலால் நீவி வைத்திருந்தது. உதறினாள். தரையில் ஒரு கொண்டை ஊசி விழுந்தது. அண்ணி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உனக்கு என்ன தோணுது?"

"எமன் ரொம்பச் சுத்தமான ஆளு. எங்க அண்ணன் ஒரு நாளாவது கழட்டின சட்டையை இப்படி மடிச்சு வெச்சிருக்காரா?"

"பத்து வருஷத்துல ஒரு தடவைகூட இல்லை," என்றாள் அண்ணி. "நானும் அதைத்தான் யோசிக்கிறேன்."

அறை வாசலை ஒட்டி, பார்வையாளர்களுக்கான சால்வைகள் கொடியில் வரிசையாகத் தொங்கின. நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அண்ணி அந்த இடத்தை அழுக்குத் துணியைப் பார்ப்பது போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் அப்படிப் பார்த்தால் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று நாத்தனாருக்குத் தெரியும். ஆனால் இயக்குநருக்குத் தெரியாதே. அவர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே ஓடிவிட்டார்.

"எமனுக்கு டீ கொடுத்தது யாரு?"

கூடம் அதிர்ந்தது. தூக்குமேடையிலிருந்து விஷக்காரி மெதுவாக, "நான்தாங்க," என்றாள்.

"சொந்தப் பேச்சு! சொந்தப் பேச்சு!" என்று கட்டையிலிருந்து ராணி அலறினாள்.

விஷக்காரி அதைக் காதில் வாங்கவில்லை. நாற்பது வயதிருக்கும், கைகளில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். "தினமும் அவர் வாசல்ல வெச்சிட்டு வந்துடுவேன். ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, டீ கொடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே. மனுஷன் ஒரு அறையில தனியாக் கிடக்கிறாரு. நாம நாலு பேரும் சாப்பிடுறோம், சிரிக்கிறோம். பாவமா இருந்துச்சு."

அவ்வளவுதான். எமனுக்கு டீ கொடுத்தவள் விஷக்காரி. இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க அந்தக் கூடத்தில் யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

"நான் கண்ணால பார்த்தேன்," என்றாள் உளவுக்காரி. "டீயில என்னமோ கலந்தா."

"உங்க கண்ணைத்தான் கட்டியிருக்கே?" என்றாள் நாத்தனார்.

"அதனாலதான் ரொம்பக் கவனமாப் பார்த்தேன்."

சூனியக்காரி மூக்கை உறிஞ்சினாள். "நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். நேத்தே அந்த டீ வாசனை சரியில்லை. ஏலக்காய் மாதிரி இருந்துச்சு."

"ஏலக்காய் போட்டா அப்படித்தான்டி இருக்கும்!" என்றாள் விஷக்காரி. அவள் ராணி பக்கம் திரும்பினாள். "என்னக்கா இது? மூணு மாசமா என் கையால டீ வாங்கிக் குடிச்சவங்கதானே நீங்க?"

"குடிச்சோம். அதை நினைச்சாத்தான் இப்ப வயித்தைக் கலக்குது," என்றாள் ராணி.

ஜனத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படி ஒரு திருப்பம் விளம்பரத்தில்கூட இல்லையே! வழுக்கைத்தலைக்காரர் முதல் ஆளாகப் போய் விஷக்காரியின் பெட்டியில் கறுப்புப் பொத்தானைப் போட்டார். டக். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. டக், டக், டக். நடிக்கிறவர்களுக்கும் பொத்தான் கொடுத்திருந்தார்கள். சூனியக்காரி கட்டிய கையோடு ஒரு பொத்தானை உதறி எறிந்தாள். அது குறி தவறாமல் பெட்டியில் விழுந்தது. உளவுக்காரி சுவரைத் தடவிக்கொண்டே வந்து போட்டாள். ராணி தன் பொத்தானை ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். வரிசை நாத்தனாரைத் தாண்டிப் போனது. ஊரே போடுகிறது, நாம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளும் போய், "எனக்கு டீ வேண்டாம்ப்பா!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒரு கறுப்பைப் போட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணி போடவில்லை. கூடத்தின் ஓரத்தில் நின்று கூட்டத்தின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸைக் கூப்பிடறேன்," என்று இயக்குநர் போனை எடுத்தார்.

அப்போதுதான் விஷக்காரி மேடையை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள். "சார், வேண்டாம் சார். விளையாட்டு இல்லை சார். காலையில நான் ஸ்கூல்ல சமைக்கிறேன். முந்நூறு பிள்ளைங்க என் கையால சாப்பிடுதுங்க. விஷம்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நாளைக்கு எந்த அடுப்படியில என்னைச் சேர்ப்பாங்க? அதோ அந்தத் தூணோரமா நிக்கிறாங்களே ரெண்டு பேர், அவங்க எங்க ஸ்கூல் பிள்ளைங்களோட அம்மாங்க. அவங்களும் கறுப்புத்தான் போட்டாங்க. பாருங்க, இப்பவே அவங்களுக்குள்ள என்னமோ பேசிக்கிறாங்க."

தூணோரத்து அம்மாக்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி போனைச் சால்வைக்குள் ஒளித்தாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இது நாடகம் இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி போட்ட குள்ள அம்மா மறுபடியும் வந்து அவள் கையைப் பிடித்தாள். "ஏங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அம்மா, இடது பக்கம்னு சொன்னேன்ல! இங்க ஒரு பொம்பளையோட வாழ்க்கை போயிட்டிருக்கு, நீங்க வேற!"

"அதைத்தாங்க நானும்..."

"ஷ்ஷ்!" என்றது மொத்தக் கூட்டமும்.

அண்ணி முன்னால் வந்தாள். "சார், போலீஸுக்கு அப்புறமாப் பேசலாம். முதல்ல அந்த மணியை இன்னொரு தடவை அடிங்க."

"அதான் அடிச்சாச்சே? எமன் வரலையே?"

"வந்தாச்சு. இங்கதான் நிக்கிறாங்க. அடிங்க, அறிமுகம் செஞ்சு வெக்கிறேன்."

இயக்குநர் கயிற்றை இழுத்தார். ஆலையின் பழைய ஷிப்ட் மணி. டாண்! கூடத்திலிருந்த எல்லாத் தலையும் மணி பக்கம் திரும்பியது. நாத்தனாரின் தலையும் திரும்பியது. அண்ணி மட்டும் மணியைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள்.

அத்தனை கைகளும் சால்வைக்குள் சும்மா கிடந்தன. இரண்டு கைகள் மட்டும் சட்டென்று உச்சந்தலைக்குப் போயின. அங்கே இல்லாத எதையோ பிடித்து, முகத்தை மூடி, தோள் வரை இழுத்துவிட்டன. கூடவே வலது கால் கனமான பூட்ஸைத் தூக்குவது போல ஒரு முறை ஓங்கி மிதித்தது.

தடித்த கண்ணாடி போட்ட குள்ள அம்மாதான்.

"இவங்களா?" நாத்தனாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இவங்களைத்தானே நான் பாத்ரூமுக்குத் துரத்திக்கிட்டே இருந்தேன்!"

"எமன் ஆம்பளைன்னு யாரு சார் உங்களுக்குச் சொன்னது?" என்றாள் அண்ணி. இடுப்பிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். "உங்களோடதுதானே? ஆணியில அங்கி மாட்ட முக்காலி. பூட்ஸ்ல பாதி துணி, அப்படின்னா சின்னப் பாதம். கழட்டினதை நாலா மடிச்சு நீவி வெச்ச முகமூடி. குடிச்ச மூடியைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்காங்க. விஷம் குடிச்சவங்க யாராவது பாத்திரம் கழுவி வெச்சிட்டுச் சாவாங்களா? முகமூடியைக் கழட்டினா இந்த இடத்துல அவங்களை யாருக்குமே அடையாளம் தெரியாது. மேல ஒரு சால்வை போதும், ஊர்ச்சனம். அதான் கொடியில ஒரு சால்வை கம்மி."

"கோடாலியைத் தூக்கினாரே!" இயக்குநர் இன்னும் அதிலேயே நின்றார்.

"நான்கூடத் தூக்கினேன் சார்," என்றாள் நாத்தனார்.

எமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுதிருந்தாள். "நான் தையல் கடை வெச்சிருக்கேன்ங்க. மூணு மாசமா தினமும் இவங்களை வெட்டுறேன், எரிக்கிறேன், சுடுறேன், தூக்குல போடுறேன். எதுக்குன்னே எனக்குத் தெரியாது. மணி அடிக்கிற வரைக்கும் அந்த அறையை விட்டு வெளிய வரக் கூடாதே. கடைசி நிமிஷம் மட்டும்தான் எனக்கு. இன்னிக்கு மனசு கேட்கலை. அப்படி என்னதான் செஞ்சாங்க இவங்கன்னு ஒரு தடவை கேட்டுடலாம்னு சால்வையைப் போட்டுக்கிட்டு அறை அறையாப் போனேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணுமே செய்யலைங்க. நாலு பேர்ல ஒருத்திகூட ஒண்ணும் செய்யலை."

"மணி அடிச்சதும் வந்திருக்கலாமே?" என்று ராணி கட்டையிலிருந்து கத்தினாள். "என் கழுத்து போச்சு!"

"ஓடலாம்னுதான் பார்த்தேன், கூட்டம் என்னையும் தள்ளிக்கிட்டு வந்துடுச்சு. அப்புறம் எல்லாரும் எமன் எங்கே, எமன் எங்கேன்னு கேட்டீங்க. இந்த இடத்துல என்னை ஒருத்தரும் தேடினதே இல்லை. சந்தோஷமா இருந்துச்சு, கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு நின்னுட்டேன். இந்த அக்கா மேல பழி விழுந்ததும் சொல்லத்தான் வந்தேன். யாரு பேச விட்டீங்க?" அவள் விஷக்காரியின் பக்கம் திரும்பினாள். "உங்க டீக்காகத்தான் நான் தினமும் வந்தேன். அது யாரு வெக்கிறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. இங்க எனக்கு ஒருத்தர் செஞ்ச ஒரே நல்லது அது ஒண்ணுதான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் அவர்கள் முகம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். "அற்புதம்! எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க. ஆட்டம் தொடரட்டும்!"

மற்ற மூவரும் சிரித்தார்கள். "ஐயோ, தமாசுக்குச் சொன்னோம்டி, மனசுல வெச்சுக்காதே," என்றாள் சூனியக்காரி. "எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் உளவுக்காரி கண்கட்டோடு. விஷக்காரி சிரிக்கவில்லை. பேசாமல் தூக்குமேடைக்கு ஏறிப் போய்க் கயிற்றுக்குக் கீழே நின்றாள்.

எமன் முகமூடி மாட்டி வந்தாள். கோடாலி இறங்கியது. ராணி, "அப்பாடா!" என்று செத்தாள், செத்த கையோடு எழுந்து கழுத்தை நீவிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். சூனியக்காரி எரிந்தாள். விசிறியை அணைத்தார்கள். உளவுக்காரி சுடப்பட்டாள். கூட்டம் தூக்குமேடையைச் சுற்றி நெருங்கியது. விஷக்காரியின் பெட்டி கறுப்பால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எமன் அவள் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு, காலடிப் பலகையைத் திறக்கும் நெம்புகோல் பக்கம் போனாள்.

"நீங்க தள்ளிக்குங்கம்மா," என்றாள் விஷக்காரி. அது நாடகத்தில் இல்லாத வசனம் என்பது இயக்குநர் முகத்திலேயே தெரிந்தது. "நான் சாகிறதுக்கு எமன் வேண்டாம். இந்தப் பெட்டியில கறுப்பு போட்டவங்க யாராவது ஒருத்தர் வந்து இழுங்க. ஒருத்தர் போதும்."

யாரும் அசையவில்லை.

"எல்லாரும் போட்டீங்களே. அக்கா, நீங்க வாங்க. கழுத்து வலின்னா, அதோ கண்ணு தெரியாமலே பார்த்தாங்களே, அவங்க வரட்டும். தூண் பக்கத்துல நிக்கிற அம்மாங்க யாராவது வாங்க. உங்க பிள்ளைங்களுக்கு நாளைக்கு நான்தானே சமைக்கப் போறேன்? சந்தேகம் இருந்தா இப்பவே முடிச்சிடுங்க."

தூணோரத்து அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வழுக்கைத்தலைக்காரர் இது எதன் குறியீடு என்று யாரிடமும் கேட்கவில்லை. யாரோ கைதட்டத் தொடங்கி, பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். விஷக்காரி காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். பிறகு எமன் மேடையேறி, முகமூடியை எடுத்துவிட்டு, அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். இருவரும் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தார்கள். ஜனம் தானாகவே வழி விட்டது.

"அண்ணி, நாம ஜெயிச்சிட்டோம்ல?" என்றாள் நாத்தனார் மெல்ல.

"எமன் கிடைச்சாச்சு," என்றாள் அண்ணி.

வாசலில் விஷக்காரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஓடிப் போய் அவள் முன்னால் நின்றாள். எப்போதும் நாக்கு நுனியில் ஒரு கேலி காத்திருக்கும். இப்போது தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை.

"அக்கா, மன்னிச்சிடுங்க. உங்க பெட்டியில நானும் ஒண்ணு போட்டேன்."

"தெரியும். பார்த்தேன்," என்றாள் விஷக்காரி. "எல்லாரும்தான் போட்டாங்க, அது பரவாயில்லை. நீங்க சிரிச்சுக்கிட்டே போட்டீங்க."

அவள் செருப்பு வாரை இழுத்து மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். எமன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் பேசிக்கொண்டே வெயிலில் இறங்கிப் போனார்கள்.